நாலாம் நம்பர் மெஷினின் சூடு

மே 6, புதன்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். கிராபிக்ஸ் கார்டு வாங்க ரிச்சி தெருவுக்குப் போகும்போது, ஜாக்கெட்டுக்குள் செருகுகிற சின்ன பர்ஸை எடுத்துக்கொண்டு போனேன். கார்டு என்றால் ரேஷன் கார்டு, ஏடிஎம் கார்டு மாதிரி ஏதோ தருவார்கள், பர்ஸில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்துவிடலாம் என்று நினைப்பு. கடைக்காரர் முபாரக் தம்பி அட்டைப் பெட்டியைத் திறந்து மேஜைமேல் எடுத்து வைத்தார். மூன்று விசிறி, முதுகில் இரும்புத் தகடு, செங்கல் கனம். "இது இன்னா தம்பி, இட்லி குண்டானா?" என்றேன். கடையே சிரித்தது. ஒரு வருடமாகக் கேம் சென்டர் நடத்துகிறவள் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. மீனாக இருந்தால் வயிற்றைக் கிழித்துப் பார்த்திருப்பேன். காசிமேட்டில் இருபது வருடம் அந்த வேலைதான் செய்தேன்.

இது சாதா கார்டு இல்லையாம். ஓவர்கிளாக் கார்டு. இருக்க வேண்டிய வேகத்தைவிட அதிகமாகக் கம்பெனிக்காரனே முடுக்கிவிட்டு அனுப்புகிறான். படம் வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் சூடாகும், கத்தும், சில கார்டு தாங்காமல் நடுவில் நின்றுவிடும் என்றார் முபாரக். அம்மா வயிற்றிலிருந்தே முடுக்கிவிட்டு வந்த ஒருத்தன் எங்கள் வீட்டிலும் இருக்கிறான், என் கொழுந்தன் பெர்னார்டு, அவனை மாற்றித் தருவீர்களா என்று கேட்டேன். பில் இருக்கா அக்கா என்றார். நல்ல பிள்ளை.

தினமும் எழுதிவைக்கச் சொன்னார். எவ்வளவு நேரம் ஓட்டினேன், சூடு எத்தனை, எங்கே நின்றது. வெறும் வாயால் சொன்னால் கம்பெனிக்காரன் மாற்றித் தர மாட்டானாம். எனக்கு அஞ்சாவதுக்கு மேல் படிப்பு இல்லை. முபாரக் தம்பி, எழுத்து கோணலாக இருந்தால் தலையைச் சாய்த்துப் படி.

மே 7, வியாழன்

இந்தக் கார்டு எதற்கு என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

எங்கள் கடை ராயபுரத்தில், வலைக் கடைக்கு மேல் மாடி. பத்து மெஷின். என் வீட்டுக்காரர் லாசர் ஆரம்பித்தது. போன வருடம் அவர் நம்ம கடைப் படியிலேயே விழுந்து செத்துப்போனார். அதிலிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன். நாலாம் நம்பர் மெஷின் கேப்டன் உட்காருவது. போன மாதம் துப்பாக்கி கேமில் பெர்னார்டு கூட்டமும் தண்டையார்ப்பேட்டை கஜா கூட்டமும் மோதின. கஜா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் நாலாம் நம்பர் பழைய கார்டு உறைந்து நின்றது. பெர்னார்டு கீபோர்டைப் பிடுங்கிக் கஜாவின் வாயிலேயே அடித்தான். கீபோர்டில் ஒரு பட்டன் போனது, கஜாவுக்கு ஒரு பல் போனது. இரண்டையும் தேடினேன். பல்தான் முதலில் கிடைத்தது. தாளில் மடித்துக் கொடுத்தேன். அதிலிருந்து கஜா பேசினால் விசில் வருகிறது. போலீஸ்காரன் வந்துட்டான்னு ஜனங்க ஓடுது கஜா, மெதுவா பேசு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பதினேழாம் தேதி ஞாயிறு அந்த மேட்ச்சை மறுபடியும் ஆடுகிறார்கள். எல்லார் முன்னாலும் பெர்னார்டு சொன்னான்: "மறுபடியும் மெஷின் நின்னுச்சின்னா கடை சாவிய எங்கைல குட்துட்டு நீ மீன் வெட்ட போய்டணும் அண்ணி. இது எங்கண்ணன் கட." சரி, நிற்கவில்லை என்றால் நீ இந்தப் படி ஏறக் கூடாது, அதையும் இவர்கள் முன்னாலேயே சொல் என்றேன். சொல்ல வைத்தேன். அதனால் இந்தக் கார்டு நின்றால் என் கடை போச்சு. நிற்காவிட்டால் அவன் போனான். உன் தலையில் எவ்வளவு பாரம் பார் தம்பி.

காலையில் நீ வந்து கார்டை மாட்டினாய். மத்தியானம்வரை ஓட்டினேன். திரையின் மூலையில் ஓடுகிற எண்ணைப் பார்த்தேன். சூடு எண்பதுக்குக் கீழே. படம் எண்ணெய் தடவினதுபோல ஓடுகிறது. சத்தம் கிரைண்டர்.

மே 8, வெள்ளி

சூடு 81. நிற்கவில்லை. மத்தி வாங்கினேன், ஒரே முள்.

மே 10, ஞாயிறு

பூசை முடிந்து வந்து கடையைத் திறந்தேன். அக்னி நட்சத்திரம். கார்டு மூச்சுவிடட்டும் என்று மெஷினின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவைத்தேன்.

நாலாம் நம்பரில் கஸ்டம்ஸ் ஆபீஸ் கிளார்க் ஒருத்தர் உட்கார்ந்து கார் ஓட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்ட சாதுவான மனிதர், வளைவில்கூட ஹாரன் அடித்துத்தான் திரும்புவார். பெர்னார்டு வந்தான். எழுந்திரு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவர் எழுந்து டீயே வாங்கிக் கொடுத்திருப்பார். சொல்லவில்லை. பின்கழுத்தைப் பிடித்து முகத்தை மேஜையில் மூன்று தடவை மோதினான். முதல் தடவையிலேயே கண்ணாடி உடைந்துவிட்டது. மற்ற இரண்டும் எதற்கென்று தெரியவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் போகும்போது, ஆடின நேரத்துக்குக் காசு வேண்டாம் சார் என்றேன். அப்போதும் தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனார்.

மவுஸுக்குள் ரத்தம் போனால் வலது பட்டன் ஒட்டிக்கொள்கிறது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் சரியாகிறது. இது கார்டைப் பற்றியது இல்லை. யாருக்காவது உதவும் என்று எழுதிவைக்கிறேன்.

பெர்னார்டு சாயங்காலம்வரை ஆடினான். சூடு 84. நிற்கவில்லை.

மே 11, திங்கள்

நின்றது.

நல்லவேளை, கடையில் நான் மட்டும். திரை முழுக்க ரோஸ் கலர் புள்ளி, அம்மை போட்டதுபோல. பிறகு அப்படியே உறைந்தது. உனக்குப் போன் போட்டேன். அறை சூடாக இருக்கும், இல்லையென்றால் இந்த வேகத்தைத் தாங்காத கார்டாக இருக்கும், இன்னும் இரண்டு நாள் பார்த்துச் சொல்லுங்க என்றாய். தாங்காத கார்டை எதற்கு முடுக்கிவிடுகிறான்? தாங்காத ஆளைப் போட்டு அடிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டாய்.

மே 12, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். நண்டு நடந்த மாதிரி இருக்கும்.

கார்டின் முதுகுத் தகடு எவ்வளவு சூடு என்று நானே தொட்டுப் பார்த்தேன். மூலையில் எண் 85. அந்த எண் வரும்போது தகட்டில் உள்ளங்கையை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்கிறது. பரிசோதனைதானே. எழுதிக்கொள்.

மே 13, புதன்

வெண்டைக்காய் மாதிரி கொப்புளம். ஐஸ் கடை ஏழுமலை வந்து பார்த்துவிட்டு, யார் செய்தது என்று கேட்டார். கார்டு என்றேன். கார்டு எப்படி ஐந்து விரலையும் பதித்து மணிக்கட்டைப் பிடிக்கும் என்று நீலம் பாய்ந்த இடத்தைக் காட்டினார். ஏழுமலைக்குப் பொண்டாட்டி செத்துப் பல வருடம். என் கையைப் பிடிக்க இதுதான் சாக்கு என்று வந்தாயா, ஐஸ்காரன் கை ஏன் இப்படிச் சுடுகிறது என்று கேட்டேன். முகம் சிவந்துபோய், பெர்னார்டிடம் பேசட்டுமா என்றார். வேண்டாம். பேசினால் அவர் பல்லையும் நான்தான் தேட வேண்டும். ஐஸ் மட்டும் கொண்டுவா என்றேன். கைக்கு என்று நினைத்துக்கொண்டு போனார்.

மே 14, வியாழன்

கைக்கு இல்லை. கார்டுக்கு.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். எது சூடானாலும், எது கெட்டாலும், ஐஸ். ஏழுமலை வஞ்சிரம் வைக்கிற பெரிய பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். அடியில் தண்ணீர் விடுகிற ஓட்டை, அதற்கு ரப்பர் தக்கை. உடைத்த ஐஸை நிரப்பி, நாலாம் நம்பர் மெஷினை அதன்மேல் பலகை போட்டு ஏற்றி வைத்தோம். தம்பி, சூடு அறுபத்தைந்துக்கு இறங்கிவிட்டது. விசிறி கத்துவதை நிறுத்திவிட்டு முனகியது. நானும் ஏழுமலையும் டீ குடித்தோம். உலகத்திலேயே மீன் வாசனை வருகிற ஒரே கம்ப்யூட்டர் இது என்றார் ஏழுமலை. அவர் சொன்ன முதல் ஜோக். சிரித்துவைத்தேன்.

பிறகு பார்த்தால் மெஷின் தகட்டில் முத்து முத்தாக வேர்வை. உள்ளே டார்ச் அடித்தேன். கார்டின்மேலும் வேர்வை. உனக்குப் போன் போட்டேன். நீ கத்தியதைக் கேட்டு ஏழுமலை டீயைக் கொட்டிக்கொண்டார். கரண்ட்டைப் பிடுங்கச் சொன்னாய், பிடுங்கினேன். ஐஸை மெஷின் பக்கம் கொண்டுவரவே கூடாது, வெளியே கொண்டுபோய் வையுங்க என்றாய். பெட்டியை இழுத்துக்கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே படித் தலைமாட்டில் வைத்தேன். எங்கே வைக்கக் கூடாது என்று நீ சொல்லவில்லை.

மே 15, வெள்ளி

கார்டை மொட்டை மாடியில் கருவாட்டோடு காயவைத்தேன். காக்கை வராமல் குச்சியோடு உட்கார்ந்திருந்தேன். கீழ்வீட்டுக்காரி வந்து, இது இன்னா கருவாடு, செதிலே வேற மாதிரி கீது என்றாள். சிங்கப்பூர் கருவாடு, கொதிக்க வைத்தால் படம் தெரியும் என்றேன்.

மாட்டினேன். திரையில் வெளிச்சம் வந்தது. மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி. பிறகு போனில் நீ சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அமுக்கினேன். கம்பெனிக்காரன் ஏற்றிவைத்த வேகத்தை நாமே கொஞ்சம் இறக்குவது. ஒரு கோடு இருக்கிறது, அதை இடது பக்கம் இழுக்க வேண்டும். அவ்வளவுதான். இவ்வளவு நாள் இதைச் சொல்லாமல் என்னை ஐஸ் சுமக்க விட்டாயே என்றேன். முடுக்கிவிட்ட கார்டு என்று காசு வாங்கிவிட்டு, முடுக்கத்தை இறக்குங்க என்று எப்படியக்கா சொல்வது என்றாய். அதுவும் சரி.

ஓட்டினேன். சூடு 76க்கு மேல் போகவே இல்லை. படத்தில் என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. சாயங்காலம் பெர்னார்டு வந்து ஆடிவிட்டு, "இப்பதான் கார்டு சூப்பரா ஸ்பீடு புடிக்குது" என்றான். வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்ச் சிரித்தேன்.

ஏழுமலை பெட்டியை எடுக்க வந்தார். ஞாயிறுவரை இருக்கட்டும், வருகிறவர்களுக்குச் சோடா குளிர வைக்கலாம் என்றேன். புது ஐஸ் போட்டுவிட்டுப் போனார்.

மே 16, சனி

காலையிலிருந்து ராத்திரிவரை நாலாம் நம்பர் ஓடியது. நிற்கவில்லை. கை தேவலாம்.

செவ்வாய்க்கிழமை நான் எழுதியது முழுசும் சரியில்லை. மெஷின் சூடாகி நிற்கப் பார்க்கிறது என்று பெர்னார்டுக்குச் சந்தேகம். எவ்வளவு சூடு, பாத்துச் சொல்லு அண்ணி என்று என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே நுழைத்துத் தகட்டில் அழுத்தினான். மூலையில் எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டே அழுத்தினான். எண் பார்த்ததெல்லாம் அவன்தான், நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கத்தினேனா என்று நினைவில்லை. அவன் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. காதுக்குப் பக்கத்தில், ரகசியம் சொல்கிற மாதிரிச் சொன்னான்.

"அண்ணனும் இப்டித்தான். சாவிய குட்ரான்னா குடுக்கல. படி எறங்கச்சொல்ல தள்னேன். அப்பவும் குடுக்கல."

போன வருடம் போலீஸில் பெர்னார்டு வேறு மாதிரி சொன்னான். அந்தப் படி எப்போதும் ஈரமாக இருக்கும், வழுக்கும், அண்ணன் தானே வழுக்கி விழுந்தார் என்றான். நான் கேள்விப்பட்டு ஓடிவந்தபோது லாசர் கீழே கிடந்தார். சாவி கையிலேயே இருந்தது. அந்தப் படி ஏறித்தான் மேலே போர்வை எடுக்கப் போனேன். வெறுங்கால். படி காய்ந்து கிடந்தது. காய்ந்து கிடக்கிறதே என்று அன்றைக்குத் தோன்றியது, அதற்குமேல் நினைக்கவில்லை. நினைக்க விடவில்லை என்று வைத்துக்கொள்.

சரி, கார்டு. சத்தம் பரவாயில்லை. படம் பரவாயில்லை. நாளைக்கு மேட்ச்.

மே 17, ஞாயிறு

முபாரக் தம்பி, இந்தப் பக்கத்தை உனக்குத் தர மாட்டேன். உன் கம்பெனிக்காரனுக்கு வேறு தாளில் நல்ல பிள்ளையாக எழுதித் தருகிறேன்.

பத்து பேரும் வந்து உட்கார்ந்தார்கள். பெர்னார்டு நாலாம் நம்பர், கஜா ஒன்பதாம் நம்பர். நான் பெர்னார்டுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு மூலை எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாவி இடுப்பில். திரையில் ரத்தம் தெறிக்கிறது, ஆள் விழுகிறான், மண்டை வெடிக்கிறது, அதெல்லாம் யாருக்கும் கணக்கில்லை. நான் பார்த்தது 74, 75, 74. என் ரத்தக்கொதிப்புக்கூட அவ்வளவு நிதானமாக இருந்ததில்லை.

நடுவில் ஒருமுறை சோடா எடுக்க வெளியே போனேன். கொஞ்ச நேரம் ஆனது.

திரும்பி வந்தபோது பெர்னார்டு தோற்றுக்கொண்டிருந்தான். மெஷின் நிற்கவில்லை, திணறவில்லை, ஒரு புள்ளி வரவில்லை. அவன் ஆள்கள் ஒவ்வொருத்தனாகச் செத்து, கடைசியில் அவன் மட்டும் ஒரு சுவருக்குப் பின்னால் பதுங்கியிருந்தான். கஜா நடந்து வந்தான். ஓடக்கூட இல்லை, கடைக்குப் போகிறவன் மாதிரி நடந்து வந்தான். போன மாதம் இந்த இடத்தில்தான் பழைய கார்டு நின்றது. இந்த முறை நிற்காது என்று எனக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது.

அவன் கால் மேஜைக்குக் கீழே போனது. கட்டைவிரலையும் அடுத்த விரலையும் சேர்த்து ஒயரைப் பிடித்து இழுத்தான். திரை கறுத்தது.

"நின்னுச்சு," என்றான் பெர்னார்டு. எழுந்து என் பக்கம் கையை நீட்டினான். "சாவி."

"ஒயர கால்ல இஸ்த்தியே பெர்னாடு," என்றான் கஜா. "எல்லாரும் பாத்துனுதான கீறோம்."

விசில் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

பெர்னார்டு மானிட்டரை இரண்டு கையாலும் தூக்கிக் கஜாவின் தலையில் இறக்கினான். கண்ணாடி உடைகிற சத்தம் முதலில், கஜா விழுகிற சத்தம் பிறகு. அப்புறம் எல்லாம் ஒன்றாக. நாற்காலி பறந்தது. ஒருத்தன் இன்னொருத்தனை ஹெட்போன் ஒயரால் கழுத்தில் இறுக்கினான். அவன் முகம் நாவல்பழ நிறத்துக்குப் போனது. நான் என் சோடா பாட்டிலால் இறுக்கினவன் முழங்கையில் போட்டேன். விட்டான். தரையில் ரத்தமும் கோலி சோடாவும். கஜா எழுந்துகொள்ளப் பார்த்து, கையை ஊன்றிய இடமெல்லாம் அச்சு விழுந்தது.

பெர்னார்டு என் கொண்டையைப் பிடித்தான். இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்கினான். அது போதாது என்று கதவுக்கு இழுத்தான். இழுத்துக்கொண்டே சொன்னான்:

"எங்கண்ணன் மாதிரி நீயும் உருளு. எல்லார் கண்ணுக்கு முன்னாலயும் உருளு."

நான் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன், வெந்த கையாலேயே. அவன் என்னை முன்னே இழுப்பதற்காகப் பின்பக்கமாகப் படியில் காலை வைத்தான். ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் இறங்கிப் படி முழுக்க வழிந்திருந்தது. வஞ்சிரம் கிடந்த பெட்டி, தண்ணீர் சும்மா தண்ணீராக இருக்காது, கோழை மாதிரி இருக்கும். எந்தப் படியில் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

அவன் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. பிறகு இல்லை. விழுகிறவன் கத்துவான் என்று நினைத்திருந்தேன். கத்தவில்லை, படிதான் சத்தம் போட்டது.

கீழே இறங்கிப் போனேன். ஓரமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு. உயிர் இருந்தது. வலது கால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் பார்க்கவில்லை. முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக ஒன்று தெரிந்தது. ஒரு கையில் என் முடி ஒரு பிடி. இன்னொரு கையில் சாவி. சாவி இருந்த கையைப் பிடித்து விரல் விரலாகப் பிரித்தேன். இறுக்கித்தான் பிடித்திருந்தான், அண்ணன்காரன் மாதிரியே. ஒரு விரலுக்குக் கொஞ்சம் பலம் கொடுக்க வேண்டியிருந்தது. முடியை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் போடச் சொன்னேன். இரண்டு வண்டி, கஜாவுக்கும் சேர்த்து.

பக்கத்து மானிட்டரை மாட்டி, மெஷினை மறுபடி சொருகிப் பார்த்தேன். படம் வந்தது. சூடு 58.

மே 18, திங்கள்

கஜாவுக்குப் பதினோரு தையல். பல் ஏதாவது போனதா என்று கேட்டேன், இல்லை என்றான். விசில் அப்படியே இருக்கிறது.

ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா வந்தார். போன வருடம் வந்தவரேதான். ஆஸ்பத்திரியில் பெர்னார்டு, அண்ணி வேண்டுமென்றே படியில் தண்ணி வுட்டா என்று சொல்கிறானாம். ஏட்டையா படியைப் பார்த்தார், ஐஸ் பெட்டியைப் பார்த்தார், என் தலையில் முடி போன இடத்தைப் பார்த்தார், கைக்கட்டைப் பார்த்தார். உள்ளே உடைந்த மானிட்டரைப் பார்த்தார். கஜா ஆள்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைக் கேட்டார்.

நான் சொன்னேன்: "இந்தப் படி எப்பவும் ஈரமா இருக்கும், வழுக்கும்னு போன வர்ஷம் அவர்தானே சார் உங்ககிட்ட சொன்னாரு. நீங்கதான் எழ்திக்கினீங்க."

ஏட்டையா பேனாவைத் திறந்தார். ஆமாம், எழுதினேன் என்றார். இந்தத் தடவையும் அதையே எழுதிக்கொண்டார். போகும்போது ஓரமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

புடவையை ஊறவைக்க எடுத்தபோது மடியிலிருந்து ரப்பர் தக்கை ஒன்று விழுந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. ஏழுமலையிடம் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மே 20, புதன்

பெரியாஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனேன். பெர்னார்டின் காலில் நாலைந்து கம்பி, வெளியே தெரிகிற மாதிரி. இன்னா கொழுந்தனாரே, ஆன்டெனா வெச்சிக்கினீங்க, எந்த சேனல் வருது என்றேன். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. இனிமேல் படி ஏற ஆறு மாதம் ஆகும் என்று நர்ஸம்மா சொன்னார். எந்தப் படியும்.

ஸ்பூனால் கஞ்சியை வாயில் ஊட்டினேன். வேண்டாம் என்று தலையைத் திருப்பினான். குனிந்து அவன் காதுக்குப் பக்கத்தில் சொன்னேன்:

"அன்னைக்கு படி காஞ்சிதான் இருந்துச்சுன்னு நீயா போய் ஏட்டையாகிட்ட சொல்ற வரைக்கும், தெனம் கஞ்சி வரும்."

வாயைத் திறந்தான். இரண்டு ஸ்பூன் குடித்தான். அழுதானா, கஞ்சி சூடா என்று தெரியவில்லை. சூடு பார்க்க அதில் எண் இல்லை.

மே 23, சனி

முபாரக் தம்பிக்குக் கடைசித் தீர்ப்பு. தனித்தாளில் எழுதுவதற்கு முன் இதில் எழுதிப் பார்க்கிறேன்.

கார்டு நல்ல கார்டு. கம்பெனிக்காரன் முடுக்கிவிட்ட வேகத்தில் இந்த ஊர் வெயிலில் ஒருமுறை நின்றது. கொஞ்சம் இறக்கிவிட்ட பிறகு நிற்கவே இல்லை. அடிதடி நடுவிலும் நிற்கவில்லை, ஒயரைப் பிடுங்கினால் ஒழிய. முடுக்கத்தால் என் கண்ணுக்குத் தெரிந்த லாபம் எதுவும் இல்லை. அட்டைப் பெட்டிமேல் தீப்பிடித்த டிராகன் படம் போட்டிருக்கிறானே, கூடுதல் காசு அதற்குத்தான் என்று நினைக்கிறேன். சத்தம் கிரைண்டரில் ஆரம்பித்து, இப்போது சின்ன மிக்ஸி. முதுகுத் தகட்டைத் தொடக் கூடாது. ஐஸ் வைக்கக் கூடாது. கருவாட்டோடு காயவைத்தால் வாசனை ஒரு வாரம் போகாது, வேலைக்குக் கெடுதல் இல்லை. மாற்றித் தர வேண்டாம், நானே வைத்துக்கொள்கிறேன்.

கஸ்டம்ஸ் கிளார்க் புதுக் கண்ணாடியோடு வந்தார். நாலாம் நம்பரிலேயே உட்காருங்க சார், இனிமேல் யாரும் எழுப்ப மாட்டார்கள் என்றேன். இரண்டு தடவை வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். வளைவில் ஹாரன் அடித்தார்.

கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கியிருக்கிறேன். பழைய பூட்டின் சாவி யார் யார் கையிலோ பட்டுவிட்டது. இது கனமான பித்தளைப் பூட்டு, சாவி இல்லாமலே அமுக்கினால் பூட்டிக்கொள்ளும். திறக்கத்தான் சாவி வேண்டும். ஒரே சாவி போதும், இரண்டாவது சாவி வேண்டாம் என்று கடைக்காரரிடமே சொல்லி அவர் முன்னால் அதைச் சாக்கடையில் போட்டேன்.

மத்தியானம் எல்லாரும் போன பிறகு, நாலாம் நம்பரை ஓடவிட்டுவிட்டு, இந்த நோட்டோடு வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டை அமுக்கினேன். நல்ல பூட்டு. ஒரே அமுக்கில் விழுந்தது. சாவி உள்ளே மவுஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏழுமலை பூட்டு உடைக்கிறவனைக் கூட்டிவரப் போயிருக்கிறார். நான் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன், படி காய்ந்திருக்கிறது. கதவு வழியாக விசிறிச் சத்தம் கேட்கிறது. சூடு எவ்வளவு என்று இன்றைக்கு எழுத முடியவில்லை.